கார் மட் ஃபிளாப்: கடற்கரைக்கு எது, கரிசல் மண்ணுக்கு எது, மலைக்கு எது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட் ஃபிளாப் (டயருக்குப் பின்னால் தொங்கும் சேறு தடுப்பு) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது விலை, அடுத்தது நிறம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு. வண்டி ஓடும் ஊரில் மண் ஒட்டுமா உதிருமா, காற்றில் உப்பு உண்டா, ஃபிளாப்புக்குப் பின்னால் ஈரம் தங்குமா என்பவைதான் அவை. கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டுச் சாலைகளுக்காக எழுதப்பட்டவை. வளைகுடாவிலும் கனடாவிலும் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

டயருக்கு மேலே வளைவாக இருக்கும் வீல் ஆர்ச்சுக்குள் கம்பெனியே பிளாஸ்டிக் லைனர் போட்டுத்தான் தருகிறது. பிறகு மட் ஃபிளாப் எதற்கு?

லைனர் காப்பது டயருக்கு மேலே உள்ள பகுதியை. டயருக்குப் பின்னால், தரைக்குச் சற்று மேலே கிளம்பும் கல்லையும் சேற்றையும் அது தொடுவதே இல்லை. கார் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது டயரை விட்டு விடுபடும் ஜல்லி, காரைப் பொறுத்தவரை அதே 60 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி எழும். அது போய் அடிப்பது கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டை, கதவின் அடி விளிம்பை, பின் பம்பரின் கீழ்ப்பகுதியை.

கம்பெனி பெயிண்ட் மொத்தமும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும், அதாவது ஒரு மி.மீ.யில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. ஒரே இடத்தில் நாலைந்து கல் பட்டால் தகரம் தெரிய ஆரம்பிக்கும். ரன்னிங் போர்டு உள்ளே கூடாக இருப்பதால் அங்கே துரு வெளியிலிருந்து உள்ளே போவது கண்ணுக்குத் தெரியாது. தெரிய வரும்போது டிங்கரிங் வேலை பெரிதாகியிருக்கும்.

பின்னால் டூவீலரில் வருகிறவரையும் நினைக்க வேண்டும். மழை நாளில் அவர் முகத்தில் அடிக்கும் சேற்றை, அவருடைய ஹெல்மெட் கண்ணாடியில் தெறிக்கும் கல்லைத் தடுப்பது பின் ஃபிளாப்தான்.

நான்கும் போட வேண்டுமா, பின்னால் இரண்டு மட்டும் போதுமா?

உங்கள் காருக்குப் பாதுகாப்பு முன் ஃபிளாப். பின்னால் வருபவருக்குப் பாதுகாப்பு பின் ஃபிளாப். முன் சக்கரம் எறியும் கல்தான் கதவையும் ரன்னிங் போர்டையும் கெடுக்கிறது. ஆகவே நான்கும் போடுங்கள். பட்ஜெட் இடிக்கிறது என்றால் முதலில் முன்னால் இரண்டு.

எந்தப் பொருளில் செய்தது நல்லது?

கடையில் கிடைப்பவற்றை ஐந்தாகப் பிரிக்கலாம்.

பிவிசி: விலை குறைவு, புதிதாக இருக்கும்போது நன்றாக வளையும். அந்த வளைவுத்தன்மை அதில் கலந்திருக்கும் மென்மையாக்கும் எண்ணெய் போன்ற பொருளால் வருவது. வெயிலில் நிற்க நிற்க அந்தப் பொருள் மெல்ல வெளியேறிவிடும். மேற்பரப்பு பிசுபிசுக்கும், பிறகு விறைக்கும், கடைசியில் ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பும். மதுரை, வேலூர் வெயிலில் வெளியே நிற்கும் வண்டிக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது.

பாலிப்ரொப்பிலீன்: கார் கம்பெனிகளின் மோல்டட் (அச்சில் வார்த்த) ஃபிளாப்புகள் பல இந்த வகை. கறுப்பு நிறத்துக்காக மட்டுமல்லாமல் வெயிலைத் தாங்கவும் கார்பன் கலந்திருப்பார்கள். வடிவம் மாறாது, எண்ணெய்க்கும் உப்புக்கும் அசையாது. இதன் பலவீனம் குளிர். வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கும்போதே மொறமொறப்பாகிவிடும்.

டிபிஇ: பிளாஸ்டிக் போல வார்க்கப்படும், ரப்பர் போல வளையும். வெயில், குளிர் இரண்டையும் தாங்கும். ஒரே வண்டி சென்னை, ஊட்டி, பெங்களூரு என்று சுற்றுகிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். விலை சற்றுக் கூடுதல்.

ஈபிடிஎம் ரப்பர்: கதவு பீடிங்குகளில் பயன்படும் அதே ரப்பர். வெயிலுக்கும் காற்றில் உள்ள ஓசோனுக்கும் விரிசல் விடாது. ஒரே எதிரி பெட்ரோலிய எண்ணெய். டீசல், மண்ணெண்ணெய் பட்டால் ஊதிப் பெருக்கும்.

சாதாரண ரப்பர் ஷீட்: பழைய ரப்பரை அரைத்துச் செய்தது, கன்வேயர் பெல்ட்டை வெட்டியது எல்லாம் இதில் அடக்கம். கல்லடி தாங்கும். ஆனால் இரண்டு மூன்று கோடையில் மேலே மெல்லிய வெடிப்புகள் வலை போல ஓடும். பெல்ட்டுக்குள் துணி அடுக்கு இருந்தால் வெட்டிய விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும், எடை ஏறும், பிறகு அடுக்கு பிரியும். லாரிக்குச் சரி. காருக்கு வேண்டாம்.

கண்ணாடி போலப் பளபளக்கும், தட்டினால் டக் டக்கென்று சத்தம் வரும் ஏபிஎஸ் என்ற விறைப்பான பிளாஸ்டிக் ஃபிளாப்பும் விற்கிறார்கள். அது அலங்காரம். ஒரு பெரிய ஜல்லி பட்டால் உடையும்.

கடைக்காரர் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது?

ஃபிளாப்பின் கீழ் மூலையைப் பிடித்து மேல்நோக்கி முழுதாக மடக்கி, பத்து விநாடி வைத்து விடுங்கள். மடித்த கோட்டில் வெள்ளையாகத் தெரிந்தால் அது விறைப்பான பிளாஸ்டிக். கீழ்ப்பகுதி அடிக்கடி வேகத்தடையில் இடிக்கும் காருக்கு உதவாது. மடிப்பு மறைந்து பழைய நிலைக்கு வந்தால் டிபிஇ அல்லது நல்ல ரப்பர். கையில் எண்ணெய்ப் பசை ஒட்டி, பிளாஸ்டிக் செருப்புக் கடை வாடை அடித்தால் பிவிசி. வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் கறுப்பு மை போல ஒட்டுவது மட்டமான மறுசுழற்சி ரப்பர்.

தடிமன் மோல்டட் வகையில் 3 மி.மீ., தட்டை ரப்பரில் 4 மி.மீ. இருக்க வேண்டும். ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றித் தடிப்பு கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். உடைந்து வரும் ஃபிளாப்புகளில் பெரும்பாலானவை அங்கேதான் கிழிந்திருக்கும்.

அந்தந்த மாடலுக்கான மோல்டட் நல்லதா, எல்லாக் காருக்கும் பொருந்தும் தட்டை வகை நல்லதா?

உங்கள் மாடலுக்கு, அதே ஆண்டு வடிவத்துக்கு மோல்டட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். காரில் ஏற்கெனவே இருக்கும் ஸ்க்ரூ ஓட்டைகளில் உட்காரும், தகரத்தைத் துளைக்க வேண்டாம், வீல் ஆர்ச் வளைவோடு இடைவெளி இல்லாமல் பொருந்தும். பெயர் ஒன்றே என்றாலும் தலைமுறை மாறியிருந்தால் பம்பரும் ஆர்ச்சும் மாறியிருக்கும். ஆகவே மாடல் பெயரோடு ஆண்டையும் சொல்லிக் கேளுங்கள். ஆர்ச்சைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை (கிளாடிங்) உள்ள வகைக்கும் இல்லாத வகைக்கும் ஃபிளாப் வேறு.

தட்டை வகை தேவைப்படுவது இரண்டு இடத்தில்: பழைய கார்களுக்கு, அகலமான டயர் மாற்றியவர்களுக்கு. டயர் ஆர்ச்சுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது என்றால் கம்பெனி ஃபிளாப் அதை மூடாது.

அகலம், நீளம் எவ்வளவு இருக்க வேண்டும்?

அகலத்துக்கு டயர் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 185/65 ஆர்15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ. ஃபிளாப் அதை முழுவதும் மறைத்து, வெளிப்பக்கம் 10 முதல் 15 மி.மீ. கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் நீட்டினால் சுவரோரம் நிறுத்தும்போது உரசும்.

நீளத்தை வெறும் வண்டியில் அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஐந்து பேரும் சாமான்களும் ஏறினால் பின்பக்கம் சில செ.மீ. இறங்கும். ஆட்களை உட்கார வைத்து அளங்கள். அந்த நிலையில் தரைக்கும் ஃபிளாப்பின் அடி விளிம்புக்கும் 100 முதல் 120 மி.மீ. இருக்கட்டும். மண் பாதையில் தினமும் ஓடும் வண்டிக்கு 150 மி.மீ. டயருக்கும் ஃபிளாப்புக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கரிசல் காட்டுக்கு நான்கு விரல். காரணம் கீழே வருகிறது.

சரியான அளவா என்பதை மழை காட்டிக்கொடுக்கும். ஈரச் சாலையில் பத்து கி.மீ. ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். கதவின் மேல் விசிறி போலச் சேறு விரிந்திருந்தால் ஃபிளாப்பின் அகலம் போதவில்லை. கதவு சுத்தமாக இருந்து ரன்னிங் போர்டின் அடியில் மட்டும் சேறு அப்பியிருந்தால் நீளம் போதவில்லை.

கடற்கரை ஊரில் இருக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

உப்பு. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானாகக் கரையும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் இரவு நேரத்தில் ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். மழையே இல்லாவிட்டாலும் ஃபிளாப்புக்குப் பின்னால் ஒட்டிய உப்பு மண் ஒவ்வொரு இரவும் நனைகிறது என்று பொருள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளத்தைத் தாண்டித் தினமும் போகும் வண்டிக்கும், வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டிக்கும் இது இரட்டிப்பு.

இங்கே ஃபிளாப் எந்தப் பொருள் என்பது இரண்டாம் பட்சம். பாலிப்ரொப்பிலீனோ டிபிஇயோ இரண்டுமே உப்புக்கு அசையாது. கெடுவது ஸ்க்ரூவும், ஸ்க்ரூ இறங்கும் தகரமும், ஃபிளாப்பின் விளிம்பு தொடும் பெயிண்டும்தான்.

பாக்கெட்டோடு வரும் மஞ்சள் அல்லது வெள்ளி நிற ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு. இரண்டு மழைக்காலத்தில் தலை துருப்பிடித்து, திருப்புளி பிடிக்காமல் வழுக்கும். 304 ரக ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். வீடு கடலை ஒட்டி இருந்தால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரகம். ஸ்க்ரூவுக்கு அடியில் நைலான் வாஷர் வையுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸும் வேறு உலோகமும் உப்பு நீரில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் வலுக்குறைந்த உலோகம் வேகமாக அரிக்கும், அலுமினியம் பாகமாக இருந்தால் இன்னும் வேகமாக. ஸ்க்ரூ மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போட்டால் அடுத்த முறை கழற்றுவதும் எளிது.

மட் ஃபிளாப் போட்டதாலேயே துரு பிடித்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மேலே எழுதியது எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம்.

ஃபிளாப்பின் உள் விளிம்பு ஆர்ச்சின் பெயிண்டின் மேல் படிந்து நிற்கிறது. வண்டி ஓடும்போது அது ஓயாமல் அதிரும். நடுவே நுழைந்த நுண்மணல் உப்புத்தாள் போல வேலை செய்யும். ஒரு வருடத்தில் பெயிண்ட் ஒரு கோடாகத் தேயும், அடுத்த மழையில் அந்தக் கோடு பழுப்பாகும். கூடவே ஃபிளாப்புக்கும் லைனருக்கும் நடுவே ஒரு பை உருவாகி, அதில் சேறு நிரம்பி, வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும். ரன்னிங் போர்டின் முனையில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு. சில தட்டை ஃபிளாப்புகள் அவற்றையும் அடைத்துவிடுகின்றன.

தடுப்பதற்கு மூன்று வேலைகள். பொருத்துவதற்கு முன் ஃபிளாப் தொடும் கோட்டில் 25 மி.மீ. அகலத்துக்குப் பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுங்கள். ஃபிளாப்புக்குப் பின்னால் மிகக் கீழான இடத்தில் சேறு விழுந்து வெளியேற ஒரு விரல் இடைவெளி விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றி, கழுவி, காயவைத்து மாட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒரு முறை கட்டாயம். இந்த மூன்றையும் செய்ய முடியாதவர், குறிப்பாகக் கடற்கரையில் இருப்பவர், ஃபிளாப் போடாமல் ரன்னிங் போர்டில் கல்லடி தாங்கும் பூச்சு அடித்துக்கொள்வதே மேல்.

கரிசல் மண் பகுதியில் ஃபிளாப் கிழிந்து போகிறது. ஏன்?

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கக் கரிசல் மண்ணில் களி அதிகம். நனைந்தால் ஊறிப் பெருத்து, பசை போல ஒட்டும். டயரோடு சுற்றி வந்து ஃபிளாப்பில் அப்பும், அதன்மேல் அடுத்த அடுக்கு அப்பும். கொஞ்ச தூரத்திலேயே டயருக்கும் ஃபிளாப்புக்கும் நடுவே உள்ள இடம் அடைபடும். அதன்பிறகு சுழலும் டயர் அந்த மண் கட்டியைப் பிடித்துக் கீழே இழுக்க, ஃபிளாப் ஸ்க்ரூவோடு பிய்ந்து வரும், சில சமயம் லைனரையும் சேர்த்து.

நான்கு விரல் இடைவெளி விடச் சொன்னது இதனால்தான். குட்டையான, நன்றாக வளையும் டிபிஇ அல்லது ஈபிடிஎம் வகை பொருத்தமானது. ஆடும் ஃபிளாப்பில் மண் தங்காமல் உதிரும். விறைப்பான மோல்டட் வகையில் அப்பிக்கொண்டே இருக்கும். காட்டுப் பாதையிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறியதும் நிறுத்தி, ஒரு குச்சியால் கிளறி விடுங்கள். காய்ந்தபின் கல் போல இறுகிவிடும். அப்போது தட்டி உடைத்தால் ஃபிளாப்பும் சேர்ந்து உடையும். தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிடுங்கள்.

சிவகங்கை, புதுக்கோட்டைச் செம்மண்ணில் இந்த ஒட்டும் தொல்லை குறைவு. அங்கே எதிரி சரளைக்கல். தடிமனான ஃபிளாப் போதும்.

ஊட்டி, வால்பாறை போன்ற மலைப்பகுதிக்கு?

மலையில் குளிரை விட ஸ்டீயரிங்தான் பிரச்சினை. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கை ஏறக்குறைய முழுதாக ஒடிக்கிறோம், அதே நேரம் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து ஆர்ச் கீழே இறங்குகிறது. வீட்டு வாசலில் உரசாத ஃபிளாப் வளைவில் உரசும். பொருத்திய பிறகு இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, டயரின் உள் விளிம்பும் வெளி விளிம்பும் எங்கேயாவது தொடுகிறதா என்று பாருங்கள். தொட்ட இடத்தில் ஃபிளாப் பளபளப்பாகத் தேய்ந்திருக்கும்.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி படியும் அளவுக்குக் குளிர் இறங்கும். நிரந்தரமாக அங்கே இருக்கும் வண்டிக்கு பாலிப்ரொப்பிலீனை விட டிபிஇ நல்லது. சுற்றுலா போய் வருபவர்கள் இதற்காக மாற்ற வேண்டியதில்லை.

தண்ணீர் தேங்கிய தெருவில் ஃபிளாப் பயன்படுமா?

கணுக்கால் அளவு வரை பயன்படும். அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் ஃபிளாப் துடுப்பு போலத் தண்ணீரைத் தள்ளும், ஸ்க்ரூவில் இழுவை ஏறும். அந்த நிலையில் மெதுவாக, நேராகப் போங்கள். ரிவர்ஸ் எடுப்பதுதான் ஆபத்து. நடைபாதை விளிம்பிலோ மண் மேட்டிலோ ஃபிளாப்பின் அடி தட்டி நிற்க, பின்னால் உருளும் டயர் அதை மடக்கித் தன் அடியில் இழுத்துக்கொள்ளும். கிழிந்து வரும் பின் ஃபிளாப்புகளில் பல இப்படிப் போனவையாகத்தான் இருக்கும்.

வீட்டிலேயே பொருத்த முடியுமா? என்னென்ன வேண்டும்?

மோல்டட் வகையை ஒரு மணி நேரத்தில் பொருத்தலாம். ஸ்டார் திருப்புளி, காருக்கு ஏற்ப 8 அல்லது 10 மி.மீ. சாக்கெட், சில மாடல்களுக்கு டி20 அல்லது டி25 அளவு டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர) பிட், கிளிப் நெம்பும் பிளாஸ்டிக் கத்தி, பழைய பல் துலக்கும் பிரஷ், துணி. லைனரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் கழற்றும்போது உடைவது சகஜம். அதே அளவில் நாலைந்து கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்து, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். ஆர்ச்சின் உள்ளே பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, முழுதாகக் காயவிடுங்கள். இந்த வேலையைத் தாண்டிக் குதித்தால், ஈர மண்ணை ஃபிளாப்புக்குள் பூட்டி வைத்ததாக ஆகும். பிறகு ஃபிலிம் ஒட்டுங்கள்.

முன் இடது ஃபிளாப்புக்கு ஸ்டீயரிங்கை முழுதாக இடப்பக்கமும், வலதுக்கு வலப்பக்கமும் ஒடித்தால் டயரின் பின் விளிம்பு உள்ளே போய் கைக்கு இடம் கிடைக்கும். ஆர்ச்சின் பின் விளிம்பில் உள்ள இரண்டு மூன்று ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஃபிளாப்பை வைத்து ஓட்டைகளைச் சேர்த்துப் பாருங்கள். எல்லா ஸ்க்ரூவையும் கையால் இரண்டு மூன்று சுற்று ஏற்றிய பிறகே இறுக்கத் தொடங்குங்கள். ஒன்றை முதலிலேயே முழுதாக இறுக்கினால் மற்ற ஓட்டைகள் விலகி நிற்கும். அதைச் சரிக்கட்டச் சாய்த்து ஏற்றினால் மரை போய்விடும். வாஷரைச் சுற்றி ஃபிளாப் பிதுங்கினால் இறுக்கம் அதிகம்.

பின் சக்கரத்தில் இடம் போதாமல் சக்கரத்தைக் கழற்ற வேண்டி வந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி ஆர்ச்சுக்குள் கையையோ தலையையோ விடாதீர்கள். ஸ்டாண்டு கொடுங்கள். இல்லையென்றால் கழற்றிய சக்கரத்தையாவது ரன்னிங் போர்டுக்கு அடியில் படுக்க வையுங்கள். வீல் நட்டைக் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

கடைசியாக, பின் சீட்டில் மூன்று பேரை ஏற்றி ஒரு வேகத்தடையைத் தாண்டிப் பாருங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு ஸ்க்ரூக்களை மறுபடி ஒரு முறை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

கடையில் டிரில் போட்டுத்தான் மாட்ட வேண்டும் என்கிறார்கள். சரியா?

லைனர் பிளாஸ்டிக்கில் துளை போடலாம். 4.2 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. துளை, ஸ்க்ரூ நீளம் 16 மி.மீ. போதும். கார் தகரத்தில் துளை போடுவதைக் கூடியவரை தவிருங்கள். துளையின் விளிம்பில் பெயிண்டும் கீழே உள்ள பாதுகாப்புப் பூச்சும் போய்விடும். துருவுக்குக் கம்பெனி தரும் உத்தரவாதமும் அந்த இடத்தில் கேள்விக்குள்ளாகும். தகரத்தின் மடிப்பு விளிம்பில் யு வடிவ கிளிப் நட்டைச் செருகி அதில் ஸ்க்ரூ ஏற்றினால் பல கார்களில் துளையே தேவைப்படாது. வேறு வழியில்லாமல் போட்டுவிட்டால் உலோகத் தூளைத் துடைத்து, துத்தநாக பிரைமரும் டச்சப் பெயிண்டும் தடவி, உலர்ந்த பிறகு மாட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பெட்ரோல் மூடி இருக்கும் பக்கத்துப் பின் ஆர்ச்சில், லைனருக்குப் பின்னால் பல கார்களில் பெட்ரோல் ஊற்றும் குழாய் இறங்குகிறது. பிரேக்கின்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் சென்சார் ஒயரும் பிரேக் ஹோஸும் சக்கரத்தை ஒட்டியே போகின்றன. லைனரை விலக்கிப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் டிரில்லை வைக்க விடாதீர்கள். எலக்ட்ரிக் காரில் ஆரஞ்சு நிற ஒயர் எங்கே தெரிந்தாலும் அந்தப் பக்கம் துளையே வேண்டாம்.

பொருத்திய பிறகு சத்தம் வருகிறது. எங்கே பார்ப்பது?

வேகம் கூடக் கூடப் படபடவென்று அடித்தால் கீழ்ப்பகுதி மெலிதாகவும் நீளமாகவும் இருக்கிறது. அடியில் 20 மி.மீ. வெட்டிப் பாருங்கள். திரும்பும்போது மட்டும் சர்ரென்று வந்தால் டயர் உரசுகிறது. வேகத்தடையில் மட்டும் என்றால் பாரம் ஏற்றி அளக்கவில்லை. குண்டு குழியில் கடகடவென்றால் லைனர் கிளிப் ஒன்று உடைந்திருக்கும். சீராக ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் ஃபிளாப்பைக் குறை சொல்லாமல் டயரைப் பாருங்கள், கல்லோ ஆணியோ ஏறியிருக்கும்.

வாட்டர் வாஷில் அடியில் டீசல் அல்லது ஆயில் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். ஃபிளாப்புக்கு நல்லதா?

ரப்பர் ஃபிளாப்புக்குக் கெடுதல். சாதாரண ரப்பரும் ஈபிடிஎம்மும் எண்ணெயை உறிஞ்சி ஊதும், அலை அலையாக நெளியும், ஸ்க்ரூ ஓட்டை பெரிதாகும். அதன்மேல் தூசியும் ஒட்டும். ஃபிளாப்புக்கு மட்டுமா, புஷ், டஸ்ட் கவர் போன்ற மற்ற ரப்பர் பாகங்களுக்கும் அதே கதிதான். அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரஷர் வாட்டரை ஃபிளாப்பின் பின்பக்கம், கீழிருந்து மேலாக, 30 செ.மீ. தள்ளிப் பிடித்து அடிக்கச் சொல்லுங்கள். முன்பக்கத்தை எல்லோரும் கழுவுவார்கள், சேறு இருப்பது பின்னால்.

கோடையில் புதிதாகப் போட்ட ரோட்டில் தார் ஒட்டினால், கார் பெயிண்டுக்கான தார் ரிமூவரைத் துணியில் எடுத்துத் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பளபளப்புக்கு ஏதாவது தடவ ஆசைப்பட்டால் தண்ணீர் கலவையிலான டயர் பாலிஷ் மட்டும்.

மைலேஜ் குறையுமா?

நகருக்குள் தெரியாது. நெடுஞ்சாலையில் டயரை விட மிக அகலமான, காற்றில் பின்னோக்கி மடங்கும் தட்டை ஃபிளாப் கொஞ்சம் காற்றுத்தடை கூட்டும். அளவாக இருந்தால் கவலை வேண்டாம்.

துபாய், கத்தார் போன்ற இடங்களில் வண்டி வைத்திருப்போருக்கு?

மழை குறைவு, எனவே சேற்றுக்காக அல்ல, மணலுக்காகப் போட வேண்டும். வேகத்தில் டயர் வீசும் மணல் ரன்னிங் போர்டின் பெயிண்டை மங்கலாகத் தேய்த்துவிடும். அந்த வெயிலில் பிவிசி நிற்காது. ஈபிடிஎம் அல்லது டிபிஇ. மணல் மேட்டில் ஏற்றி ஓட்டுபவர்கள் கிளம்பும் முன் ஃபிளாப்பைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. மணலில் புதைந்து ரிவர்ஸ் எடுத்தால் முதலில் போவது அதுதான். சப்கா எனப்படும் கடலோர உப்புத் தரையில் ஓட்டியிருந்தால் அன்றைக்கே கழுவுங்கள். மேலே கடற்கரைக்குச் சொன்னது அத்தனையும் அங்கேயும் பொருந்தும்.

டொராண்டோ போன்ற பனி ஊர்களில்?

குளிர்காலம் முழுக்க சாலையில் உப்பு போடுகிறார்கள். பனி உருக உப்புக் கரைசலும் தெளிப்பார்கள். அந்தச் சகதி ஃபிளாப்பில் அப்பி, இரவில் பாறை போல உறையும். காலையில் அப்படியே ஸ்டீயரிங்கை ஒடித்தால் டயர் பனிக்கட்டியில் இடித்து ஃபிளாப்பைப் பிய்க்கும். கிளம்பும் முன் பூட்ஸ் காலால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளி உதிர்த்துவிடுங்கள். சுத்தியால் தட்ட வேண்டாம், கொதிநீரும் ஊற்ற வேண்டாம். வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 வரை போகும் ஊரில் பாலிப்ரொப்பிலீன் விறைத்து உடையும், ஆகவே டிபிஇதான் சரி. டயருக்கும் ஃபிளாப்புக்கும் இடைவெளி கரிசல் மண்ணுக்குச் சொன்னது போல நான்கு விரல். வின்டர் டயர் மாற்றும் நாளும் அதைக் கழற்றும் நாளும் ஃபிளாப்பைக் கழற்றிப் பின்பக்கம் கழுவ வசதியான நாட்கள். சக்கரம் எப்படியும் வெளியே இருக்கும்.

எப்போது மாற்ற வேண்டும்?

ஆண்டுக் கணக்கு வேண்டாம். ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பினால், கையால் மடக்கும்போது முறியும் சத்தம் கேட்டால், டயரை நோக்கி வளைந்து நின்றால் மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் அந்த ஒன்றையே வாங்கலாம். இடது வலது, முன் பின் நான்கும் வேறு வேறு வடிவம் என்பதால் பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். புதியதை மாட்டும் முன் பழையது இருந்த இடத்தில் பெயிண்ட் கோடு விழுந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அங்கே முதலில் டச்சப் அடித்து, ஒரு நாள் உலரவிட்டு, ஃபிலிம் ஒட்டிய பிறகே புதிய ஃபிளாப்பை ஏற்றுங்கள்.